மண்ணின் ஈரலிப்பை விண்ணிலிருந்து அறிதல்: யாழ்ப்பாணக் கமக்காரர் கவனத்திற்கு

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு ஒன்றேனும் இல்லை. வழுக்கியாறும் மாரிகாலத்திலேயே நீர்கொண்டு ஓடுவது. ஆகவே இங்கு கமத்தொழில் இருவகை நீரை நம்பியே நடைபெற்று வருகின்றது. வயலில் விளையும் நெல் வடகீழ்ப் பருவக்காற்றுக் கொணரும் மழையை நம்பியது. தோட்டத்தில் விளையும் வெங்காயம், மிளகாய், கத்தரி, கோவா, பீற்றூட் முதலியன கிணற்று நீரை நம்பியவை. மழையாய்ப் பெய்தாலும் கிணற்றிலிருந்து இறைத்தாலும், பயிரின் வேர் உறிஞ்சுவது மண்ணிடுக்குகளிலே தங்கிநிற்கும் நீரையேயாம். அந்நீரின் அளவே மண்ணின் ஈரலிப்பு எனப்படும்.

இவ்வீரலிப்பைக் கமக்காரர் காலாலும் கையாலும் கண்ணாலும் மதித்து வந்தனர். இன்று பூமியைச் சுற்றிவரும் செய்மதிகளும் இதனை அளக்கின்றன. அவை தரும் செய்தியை நம்பி விதைக்கலாமா, இறைப்பை நிறுத்தலாமா என்னும் கேள்விகள் எழுகின்றன. செய்மதி எதனைக் காண்கின்றது, எதனைக் காணாது, அது காணாததைக் கமக்காரர் தாமே எவ்வாறு அறியலாம் என்பன இப்பிரசுரத்தில் விளக்கப்படுகின்றன.

ஈரலிப்பை அளப்பது ஏன்?

குடாநாட்டின் அடியிலே கிடப்பது சுண்ணக்கல். மாரிமழை இக்கல்லின் வெடிப்புகளினூடாகக் கீழிறங்கிச் சேர்கின்றது. ஆயின் நாற்புறமும் கடலும் கடனீரேரியும் சூழ்ந்திருப்பதால் ஆழத்தில் உவர்நீர் நிற்கின்றது. நன்னீர் உவர்நீரிலும் இலேசானது. ஒரு லீற்றர் நன்னீர் 1 கிலோகிராம் நிறையுள்ளதாக, ஒரு லீற்றர் கடல்நீர் ஏறக்குறைய 1.025 கிலோகிராம் நிறையுள்ளது. இதனால் நன்னீர், உவர்நீரின்மேல் ஒரு வில்லையைப்போல் மிதந்து கிடக்கின்றது. புத்தூருக்கு அணித்தாயுள்ள நிலாவரைக் கிணற்றில் மேலே நன்னீரும் ஆழத்தில் உவர்நீரும் இருப்பதை அயலார் நெடுங்காலமாக அறிவர். அக்கிணறு குடாநாட்டு நிலத்தடி நீருக்கு ஒரு சிறந்த சான்றாகும்.

19ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் ஒல்லாந்தரான கைபன், ஜெர்மானியரான ஹெர்ஸ்பேர்க் என்னும் இருவர் இம்மிதப்பிற்கு ஒரு கணக்கைக் கண்டனர். அதன்படி நன்னீர் மட்டம் கடல்மட்டத்திற்கு மேல் ஓர் அடி உயர்ந்திருந்தால், கடல்மட்டத்திற்குக் கீழே ஏறக்குறைய 40 அடிவரை நன்னீர் இருக்கும். மாறாக, அம்மட்டம் ஓர் அடி தாழ்ந்து அந்நிலையிலேயே நின்றுவிடின், கீழேயுள்ள உவர்நீர் காலப்போக்கில் 40 அடி மேலேறும். கல்லின் வெடிப்புகளுக்கு ஏற்ப இக்கணக்கு இடத்துக்கிடம் வேறுபடுமாயினும் இதன் படிப்பினை மாறாது. மேலே சிறிது வீணாக்கினால் கீழே பெரிதும் இழக்க நேரிடும்.

துலாவும் பட்டையும் கொண்டு இறைத்த நாளில் மனிதனின் தசைவலியே இறைப்பிற்கு எல்லையாய் இருந்தது. இயந்திரப் பம்பி வந்தபின் அவ்வெல்லை அகன்றது. ஒரு கிணற்றிலிருந்து குறுகிய நேரத்தில் மிகுந்த நீரை இழுக்கும்பொழுது, அக்கிணற்றின் அடியிலுள்ள உவர்நீர் கூம்புபோல் மேலெழும். ஒருமுறை உவர்ப்பேறிய கிணறு நன்னிலைக்குத் திரும்ப நல்ல மாரிகள் பல வேண்டியிருக்கும்.

“தோட்டத்துக்கு இறைத்த நீர் மிகையானால் மீண்டும் கிணற்றுக்குத்தானே போகின்றது, இதில் நட்டம் யாது?” எனச் சிலர் கேட்பதுண்டு. மிகையான நீரில் ஒரு பகுதி நிலத்துக்குள் திரும்புவது உண்மையே. ஆயினும் திரும்பும் நீர் போன நீர் அன்று. ஒரு பகுதி வெயிலில் ஆவியாகிப் போக, எஞ்சியது உப்பும் உரமும் செறிந்த நீராகவே இறங்குகின்றது. யூரியா முதலிய உரங்களிலிருந்து உண்டாகும் நைத்திரேற்று நீரில் எளிதிற் கரைந்து, வேருக்குக் கீழே போய்க் கிணற்றை அடையும். குடிநீரில் ஒரு லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் நைத்திரேற்று இருத்தலாகாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. வலிகாமத்துக் கிணறுகள் பலவற்றில் இவ்வரம்பு கடந்திருப்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன. இந்நீர் கைக்குழந்தைகளின் இரத்தம் பிராணவாயுவைச் சுமக்கும் திறனைக் குறைக்கவல்லது. எனவே மிகையாக இறைப்பவர் எரிபொருளையும் உரத்தையும் இழப்பதோடு, தம் வீட்டுக் கிணற்றின் தூய்மையையும் இழக்கின்றார். மண்ணின் ஈரலிப்பை அறிந்து, வேண்டிய பொழுதில் வேண்டிய அளவே இறைப்பது இவ்விழப்புகளைத் தவிர்க்கும் வழியாகும்.

மண் நீரைத் தாங்கும் விதம்

மண்ணை ஒரு கடற்பஞ்சுக்கு ஒப்பிடலாம். நன்கு நனைந்த பஞ்சைத் தூக்கினால் சிறிது நீர் தானே ஒழுகும். ஒழுகி நின்றபின் பஞ்சு தாங்கியிருக்கும் நீரே பயனுள்ள நீர். மண்ணில் இந்நிலையை வயற்கொள்ளளவு என்பர். அதன்பின் வேர் நீரை உறிஞ்ச உறிஞ்ச, மிகுதிநீர் மண்துணிக்கைகளை இறுகப் பற்றிக்கொள்ளும். ஈற்றில் வேரால் இழுக்க முடியாத நிலை உண்டாகிப் பயிர் வாடி மீளாது. இதனை வாடல்நிலை என்பர். வயற்கொள்ளளவுக்கும் வாடல்நிலைக்கும் இடைப்பட்ட நீரே பயிருக்கு உரியது.

கரையோர மணல் விரைவில் நீரை உட்கொண்டு விரைவில் இழக்கும். வலிகாமத்துச் செம்பாட்டு மண்ணும் நீரை எளிதில் உள்ளே விடுவதாகும். கடனீரேரியை அடுத்த தாழ்நிலத்துச் சாம்பல்நிற மண் நீரை நெடுநேரம் பிடித்து வைக்கும். ஆயின் அங்கு உவர்ப்பும் உண்டு. ஆகவே ஒரே ஈரலிப்பு எண் மூன்று மண்ணிலும் ஒரே பொருளைத் தராது. மணலில் போதிய ஈரத்தைக் காட்டும் எண், களிமண்ணில் வறட்சியைக் காட்டலாம்.

ஈரலிப்பைக் கன அளவிலே கூறுவது விஞ்ஞானிகளின் வழக்கம். 100 கன சதமமீற்றர் மண்ணில் 20 கன சதமமீற்றர் நீர் இருந்தால் ஈரலிப்பு நூற்றுக்கு 20 எனப்படும். செய்மதிப் படங்களிலும் இவ்வெண்ணே பெரும்பாலும் குறிக்கப்படும்.

செய்மதி ஈரத்தை அறியும் விதம்

வெயிலிற் கிடந்த கல்லருகே கையைக் கொண்டுசென்றால், தொடாமலே அதன் சூட்டை உணரலாம். பொருளைத் தொடாது அதிலிருந்து வரும் கதிர்களைக் கொண்டு அதன் தன்மையை அறிவதே தொலையுணர்தல் எனப்படும். மண்ணின் ஈரத்தை இவ்வாறு அறிய மூன்று வழிகள் உள.

முதலாவது, ஒளியைக் கொண்டு அறிதல். செழித்த இலை சிவப்பு ஒளியை உட்கொண்டு, கண்ணுக்குப் புலனாகாத அண்மைச் செந்நிறக்கீழ்க் கதிரைப் பெரிதும் திருப்பி அனுப்பும். வாடிய இலை அவ்வாறு செய்யாது. இவ்விரண்டையும் ஒப்பிட்டால் பயிரின் நலம் தெரியும். ஆயின் இது மண்ணை நேரே காண்பதன்று. பயிர் வருந்தியபின்னரே செய்தி வருகின்றது. நோயாலும் உரக்குறைவாலும் மஞ்சளித்த பயிரும் வறட்சியுற்றதுபோலத் தோன்றும். முகில் மூடிய நாளில் படமும் கிடையாது.

இரண்டாவது, வெப்பத்தைக் கொண்டு அறிதல். நீர் கிடைக்கும் பயிர் இலைகளின் வழியே ஆவியை வெளிவிட்டுத் தன்னைக் குளிர்வித்துக்கொள்ளும். நீர் குறைந்த பயிரின் இலை சூடேறும். நண்பகலில் ஈரநிலமும் உலர்நிலமும் வெவ்வேறு வெப்பநிலை காட்டுவதற்கு இதுவே காரணம். லான்ட்சற் வரிசையைச் சேர்ந்த செய்மதிகள் இவ்வெப்பத்தை 100 மீற்றர் அளவான துண்டுகளாகப் படம் பிடிக்கின்றன. இதற்கும் முகில் தடையாகும்.

மூன்றாவது வழியே மண்ணின் நீரை நேராக அறிவது. அது நுண்ணலையைக் கொண்டு அறிதல். நீரின் மூலக்கூறு ஒரு முனையில் நேர்மின் தன்மையும் மறுமுனையில் எதிர்மின் தன்மையும் உடையது. ஆதலால் மின்காந்த அலை வந்தவுடன் அது அலையோடு திரும்பி அசையும். உலர்ந்த மண்துணிக்கை அவ்வாறு அசையாது. மின்னியல்பில் உலர்மண்ணின் எண் ஏறக்குறைய 3 அல்லது 4 ஆயிருக்க, நீரின் எண் ஏறக்குறைய 80 ஆகும். இத்துணை வேறுபாடு இருப்பதால், மண்ணிற் சிறிது நீர் சேர்ந்தாலும் நுண்ணலை அதனை வெளிப்படுத்தும். நுண்ணலை முகிலையும் ஊடுருவும், இரவிலும் பயன்படும். கார்த்திகை மாதத்துக் கருமுகிலின் கீழுள்ள வயல்களைக் காண வல்லது இதுவே.

இதிலும் இருமுறைகள் உண்டு. மண் இயல்பாகவே நுண்ணலையை மிக மெல்லிதாக வீசிக்கொண்டிருக்கின்றது. உலர்மண் அதிகமாகவும் ஈரமண் குறைவாகவும் வீசும். செய்மதியிலுள்ள கதிர்வீச்சுமானி இதனைக் கேட்டறியும். மற்ற முறையில் ராடர் கருவி தானே அலையை அனுப்பி, மண்ணிலிருந்து திரும்பிவரும் பங்கை அளக்கும். ஈரமண் அதிகமான அலையைத் திருப்பும். தேங்கி அசையாது நிற்கும் நீரோ கண்ணாடிபோல் அலையை வேறு பக்கம் தெறிக்கச் செய்வதால், படத்தில் கறுப்பாகத் தோன்றும்.

இப்பணியிலுள்ள செய்மதிகள்

1970ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் அமெரிக்காவில் விமானங்களிற் கருவிகளை ஏற்றி இம்முறை சோதிக்கப்பட்டது. 1973இல் ஸ்கைலாப் என்னும் விண்வெளி நிலையத்திலும் இத்தகைய கருவி அமைந்திருந்தது. மண்ணின் ஈரலிப்பை அளப்பதைத் தன் தலையாய பணிகளுள் ஒன்றாகக் கொண்ட ஸ்மொஸ் செய்மதியை ஐரோப்பிய விண்வெளி நிறுவனம் 2009 நவம்பர் 2ஆந் திகதி ஏவியது. அமெரிக்க நாசா நிறுவனம் 2015 சனவரி 31ஆந் திகதி ஸ்மாப் செய்மதியை ஏவியது. அதன் ராடர் அவ்வாண்டு யூலையிலேயே பழுதுற்று நின்றது; கதிர்வீச்சுமானியின் பணி தொடர்ந்தது. இவ்விரண்டும் ஏறக்குறைய 21 சதமமீற்றர் நீளமான அலையைக் கொண்டு இரண்டு மூன்று நாளுக்கொருமுறை ஒவ்வோர் இடத்தையும் காண்பவை. மண்ணின் மேல் 5 சதமமீற்றர், அதாவது 2 அங்குலம் வரையிலான ஈரத்தையே இவை அறியும்.

ஐரோப்பியரின் சென்ரினல் 1 வரிசையில் முதற் செய்மதி 2014 ஏப்பிரல் 3ஆந் திகதி ஏவப்பட்டது. இது 5.6 சதமமீற்றர் அலையுடைய ராடரைக் கொண்டது. இதன் படம் 10 மீற்றர்ச் சதுரங்களாக அமையும். அலை குறுகியதாகையால் மண்ணின் மேற்பரப்பை அடுத்த ஓரிரு சதமமீற்றர் ஆழத்தையே பெரும்பாலும் உணரும். இச்செய்மதிகளின் படங்கள் உலகத்தார் யாவருக்கும் விலையின்றிக் கிடைக்கின்றன. நாசாவும் இந்திய விண்வெளி ஆராய்ச்சி நிறுவனமும் கூட்டாக அமைத்த நைசார் செய்மதி 2025 யூலை 30ஆந் திகதி சிறிஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்டது. ஏறக்குறைய 24 சதமமீற்றர் நீளமான அலையையும் அதனினும் குறுகிய ஓர் அலையையும் இது அனுப்பும். 200 மீற்றர் அளவான துண்டுகளாக மண்ணின் ஈரலிப்பைத் தருவது இதன் நோக்கங்களுள் ஒன்றாகும்.

குடாநாட்டில் நேரும் இடர்கள்

அமெரிக்காவின் அகன்ற கோதுமை வெளிகளில் நன்கு பயன்தரும் கருவி, யாழ்ப்பாணத்தில் அவ்வாறே பயன்தரும் என எதிர்பார்த்தலாகாது. இதற்கு நான்கு காரணங்கள் உள.

முதற் காரணம் கடல். ஸ்மாப் கதிர்வீச்சுமானி ஒரே பார்வையில் ஏறக்குறைய 40 கிலோமீற்றர் அகலமான நிலத்தின் சராசரியையே காணும். கீரிமலைக் கரையிலிருந்து யாழ்ப்பாணக் கடனீரேரிக் கரைவரை 20 கிலோமீற்றர்கூட இல்லை. ஆகவே அதன் பார்வையில் குடாநாட்டு மண்ணோடு கடலும் கடனீரேரியும் கலந்தே விழும். கணக்கிட்டு நீக்கினாலும் ஐயம் எஞ்சும். சித்திரை வெயிலில் வெடித்துக் கிடக்கும் நிலமும் இத்தகைய படத்தில் ஈரமுள்ளதாய்த் தோன்றக்கூடும்.

இரண்டாவது காரணம் காணிகளின் சிறுமை. ஓர் ஏக்கரில் 16 பரப்புத் தோட்டக்காணி அடங்கும். ஒரு பரப்பு ஏறக்குறைய 253 சதுர மீற்றர். சென்ரினலின் ஒரு சதுரம் 100 சதுர மீற்றர். எனவே ஒரு பரப்பில் இரண்டரைச் சதுரமே அடங்கும். ராடர்ப் படத்தில் இயல்பாகவே புள்ளிபுள்ளியான மாசு இருக்குமாகையால், பல சதுரங்களைச் சேர்த்துச் சராசரி கண்டாலன்றி நம்பத்தகுந்த எண் கிடையாது. அவ்வாறு சேர்க்குங்கால் நேற்று இறைத்த வெங்காயப் பாத்தியும், இறைக்காத அயற்காணியும், ஒழுங்கையும், பூவரசு வேலியும், பனைமரங்களும் ஒன்றாய்க் கலந்துவிடும்.

மூன்றாவது காரணம் நிலத்தின் தோற்றம். உழுது கட்டி புரண்ட நிலம் அலையைச் சிதறடித்து ஈரமண்போலத் தோன்றும். அடர்ந்த பயிர் மண்ணை மறைக்கும். உழவுக்குப் பின் ஈரம் கூடியதாகப் படம் காட்டினால், அது மழையாலா உழவாலா என்பதை நிலத்தில் நிற்பவரே கூறமுடியும்.

நான்காவது காரணமே முதன்மையானது. செய்மதி காண்பது மேல் 2 அங்குலம். பயிர் நீரருந்துவதோ அதற்குக் கீழே. வெங்காயத்தின் வேரிற் பெரும்பகுதி 15 முதல் 20 சதமமீற்றர் ஆழத்துள் நிற்கும். மிளகாய், கத்தரி, தக்காளி என்பவற்றின் வேர் அதனினும் ஆழமாகச் செல்லும். வெயிலும் காற்றும் மேல்மண்ணை இரண்டொரு நாளில் உலர்த்திவிடினும் கீழே போதிய ஈரம் இருக்கலாம். சிறுதூறல் பெய்தால் மேல்மண் நனைந்திருக்க, கீழ்மண் உலர்ந்திருக்கலாம். முன்னையதில் செய்மதியை நம்புபவர் வீணாக இறைப்பார். பின்னையதில் இறைக்காது பயிரை வாடவிடுவார்.

நெற்செய்கையாளருக்கு உரிய பயன்

இவ்விடர்கள் இருப்பினும் செய்மதியால் நெற்செய்கைக்குப் பயன் உண்டு. குடாநாட்டில் காலபோக நெல் பெரும்பாலும் மானாவாரியாகவே விளைகின்றது. மழைக்கு முன்னரே புழுதியில் விதைப்பதும் உண்டு. முதல் மழையை நம்பி முளைத்த நாற்று, பின்னர் வரும் வெயிலிற் கருகுவதே விதைப்புக்காலத்துப் பேரிடராகும். ஒரு மழைக்குப்பின் மட்டும் ஈரங்காட்டி மறுபார்வையில் உலர்ந்துவிடும் நிலத்தில், நீர் ஆழத்துக்கு இறங்கவில்லை என்பது தெளிவு. அடுத்தடுத்து மூன்று நான்கு பார்வைகளிலும் ஈரம் நிலைத்திருப்பின், பருவமழை ஊன்றிவிட்டது எனக் கொள்ள இடமுண்டு. அப்பொழுதும் வயலில் 15 சதமமீற்றர் ஆழத்துக்கு மண்வெட்டியால் வெட்டிப் பார்த்து, அங்கு ஈரம் சேர்ந்திருப்பதைக் கண்டபின் விதைப்பதே அறிவுடைமை. வளிமண்டலவியல் திணைக்களத்தின் மழை எதிர்வுகூறலையும் இதனோடு சேர்த்து நோக்குதல் வேண்டும்.

வெள்ளக் காலத்திலும் ராடர்ப் படம் உதவும். 2008 நவம்பரில் நிசா சூறாவளியாலும், 2024 நவம்பர் இறுதியில் பெங்கல் சூறாவளியோடு வந்த பெருமழையாலும் வடபகுதி வயல்கள் வெள்ளத்தில் ஆழ்ந்தன. இத்தகைய நாட்களில் முகில் மூடியிருக்க, ஒளிப்படம் எடுக்கும் செய்மதி குருடாகிவிடும். ராடரோ எவ்வயலில் நீர் நிற்கின்றது, எத்தனை நாள் நின்றது என்பதைக் காட்டும். பெருவறட்சியிலும் இவ்வாறே. 2016ஆம் ஆண்டின் பிற்பகுதியில் மழை பொய்த்ததால் 2016/17 காலபோக நெற்செய்கை நாடெங்கும் பெரிதும் குன்றிற்று. ஒரு மாவட்டம் முழுவதும் மண் உலர்ந்து வருவதைப் பயிர் கருகுமுன்னரே அறிய, 40 கிலோமீற்றர்ச் சராசரியும் வன்னிப் பெருநிலப்பரப்பு போன்ற இடங்களிற் போதுமானது. நட்டத்தை மதிப்பிடும் வேளையில், கமக்காரர் தம் வயலில் விதைத்த திகதி, மழைபெய்த நாட்கள், நீர் நின்ற நாட்கள் என்பவற்றை ஒரு கொப்பியில் எழுதி வைத்திருப்பின், படத்தோடு ஒப்பிட்டு உண்மையை நிலைநாட்ட அது துணைசெய்யும்.

தோட்டச் செய்கையாளர் தாமே அறியும் வழிகள்

இறைப்புத் தோட்டத்துக்கு இன்றைய செய்மதி நேரிய வழிகாட்டியன்று. இங்கு கமக்காரர் வேரின் ஆழத்து ஈரத்தைத் தாமே அறிதல் வேண்டும். அதற்கு மூன்று வழிகள் உள.

கையால் அறிதல்: பாத்தியின் நடுவே 15 சதமமீற்றர் ஆழத்திலிருந்து ஒரு பிடி மண் எடுத்துக் கையில் இறுக்கிப் பிடிக்க. உள்ளங்கை நனைந்து மண் ஒட்டினால் இறைப்பு வேண்டியதில்லை. உருண்டையாகி, பெருவிரலால் அழுத்தினால் உடையுமாயின், ஈரம் உண்டு, மறுநாளும் பார்க்கலாம். உருண்டையாகாது உதிர்ந்துவிடின் உடனே இறைக்க வேண்டும். இச்சோதனை செம்பாட்டு மண்ணுக்கு ஏற்றது. தனி மணல் எந்நிலையிலும் நன்கு உருளாதாகையால், அங்கு நிறத்தையும் குளிர்ச்சியையும் கொண்டு மதிக்க வேண்டும்.

நிறுத்து அறிதல்: இருபுறமும் வெட்டப்பட்ட ஒரு வெறுந் தகரப்பேணியின் கொள்ளளவை முன்னரே நீர் அளந்து அறிக. அதனை வேரின் ஆழத்து மண்ணில் அழுத்தி, நிரம்பிய மண்ணை வெட்டியெடுத்து நிறுக்க. ஆய்வுகூடத்தில் 105 பாகை செல்சியசில் 24 மணிநேரம் உலர்த்துவர். வீட்டில் இரும்புச் சட்டியிற் பரப்பி மெல்லிய தீயிற் கிளறி, இருமுறை நிறுத்தும் நிறை மாறாது நிற்கும்வரை உலர்த்தலாம். எடுத்துக்காட்டாக, 400 கன சதமமீற்றர்ப் பேணி மண் ஈரத்தோடு 680 கிராமும் உலர்ந்தபின் 600 கிராமும் நிறுத்தால், நீர் 80 கிராம். 80ஐ 400ஆற் பிரித்தால் ஈரலிப்பு நூற்றுக்கு 20 ஆகும். நன்கு இறைத்து, ஒருநாள் நீர் வடியவிட்டு இச்சோதனையைச் செய்தால், அத்தோட்டத்து வயற்கொள்ளளவு தெரியும். இதனை ஒருமுறை அறிந்து வைத்தாற் போதும்.

கருவியால் அறிதல்: நுண்டுளையுள்ள மண்கிண்ணம் ஒன்றை அடியிலும், வெற்றிடமானி ஒன்றை மேலும் உடைய நீர் நிறைந்த குழாயை வேரின் ஆழத்திற் புதைத்தால், வேர் நீரை இழுக்க எவ்வளவு வலி வேண்டுமோ அதனை அது காட்டும். முள் 10 சென்ரிபாருக்குக் கீழே நின்றால் மண்ணில் நீர் நிறைந்துள்ளது. முள் ஏற ஏற மண் உலர்கின்றது. மணற்பாங்கான மண்ணில் 20 முதல் 30 வரையில் மரக்கறிப் பயிருக்கு இறைக்க வேண்டிய வேளை வந்துவிடும். அயலவர் சிலர் கூடி ஒரு கருவியை வாங்கி, ஒரே வகை மண்ணுள்ள தோட்டங்களுக்குப் பயன்படுத்துவது சிக்கனமாகும்.

எவ்வளவு இறைப்பது?

வெங்காயத் தோட்டம் ஒன்றில் வயற்கொள்ளளவு நூற்றுக்கு 22 எனவும், இன்றைய ஈரலிப்பு நூற்றுக்கு 16 எனவும் கொள்வோம். குறைவு நூற்றுக்கு 6. வேரின் ஆழம் 20 சதமமீற்றர், அதாவது 200 மில்லிமீற்றர். அதன் நூற்றுக்கு 6 பங்கு 12 மில்லிமீற்றர். 253 சதுர மீற்றருள்ள ஒரு பரப்பில் 12 மில்லிமீற்றர் நீர் என்பது ஏறக்குறைய 3,000 லீற்றர்.

பம்பி தரும் நீரை அறிய 200 லீற்றர்ப் பீப்பாய் ஒன்றை நிரப்பி நேரத்தைக் குறிக்க. அரை நிமிடத்தில் நிரம்புமாயின், நிமிடத்துக்கு 400 லீற்றர். அப்படியாயின் ஒரு பரப்புக்கு ஏழரை நிமிடம் போதும். மண்வாய்க்காலில் ஊறிப்போகும் நீருக்காகச் சிறிது கூட்டிப் 10 நிமிடம் எனக் கொள்ளலாம். பலர் இதனினும் இருமடங்கு நேரம் தண்ணீர் மாறுவது வழக்கம். அவ்விரண்டாம் மடங்கு நீர் பயிருக்குப் போவதில்லை. உரத்தைக் கரைத்துக்கொண்டு கிணற்றுக்கே போகின்றது. 10 பரப்புத் தோட்டத்தில் ஓர் இறைப்புக்கு 40,000 லீற்றர் இவ்வாறு வீணே இறைக்கப்படும். வாய்க்காலுக்குப் பதில் குழாய் பதிப்பதும், காலையிலோ மாலையிலோ இறைப்பதும், பாத்தியை வைக்கோல் முதலியவற்றால் மூடுவதும் இத்தேவையை மேலும் குறைக்கும்.

நாட்கணக்கை மட்டும் நம்பி இறைக்கும் வழக்கம் கைவிடத்தக்கது. மாசி மாதத்துப் பனியிலும் ஆனி மாதத்துச் சோளகக் காற்றிலும் மண் ஒரேயளவாய் உலர்வதில்லை. மண்ணைப் பார்த்தே நாளைத் தீர்மானித்தல் வேண்டும்.

முடிவுரை

செய்மதி நாடு முழுவதையும் காண்கின்றது. ஒரு பாத்தியைக் காண்பதில்லை. கமக்காரர் தம் பாத்தியைக் காண்கின்றார்; நாடு முழுவதையும் காண்பதில்லை. பருவமழை ஊன்றியதா, வறட்சி பரவுகின்றதா, வெள்ளம் எங்கே நிற்கின்றது என்பவற்றுக்குச் செய்மதியை நாடலாம். இன்று இறைப்பதா, எத்தனை நிமிடம் இறைப்பது என்பவற்றுக்கு வேரடி மண்ணையே நாடவேண்டும்.

சில கமக்காரர் ஒரு போகம் முழுவதும் வாரத்துக்கொருமுறை தம் தோட்டத்து ஈரலிப்பை அளந்து, திகதியோடு எழுதி வைப்பாராயின், செய்மதிப் படங்களைக் குடாநாட்டு மண்ணுக்கு ஏற்பத் திருத்தவும் அக்குறிப்புகள் பயன்படும். நிலத்தில் அளந்த எண் இன்றேல் விண்ணில் அளந்த எண்ணைச் சரிபார்க்க வேறு வழியில்லை. அளக்கும் முறையில் ஐயமுள்ளோர் தம் பகுதி விவசாயப் போதனாசிரியரையோ கமநல சேவை நிலையத்தையோ அணுகி விளக்கம் பெறலாம். வரும் இறைப்புக்கு முன் பம்பியை இயக்குவதற்கு மாறாக, மண்வெட்டியை எடுத்து ஒரு சாண் ஆழம் வெட்டிப் பார்ப்பது நன்று. கிணற்றில் நன்னீர் நிலைப்பதற்கு அதுவே முதற்படியாகும்.